சி சி சி பி-யா, சி பி சி பி-யா?

மதுரையில் பழைய புத்தகக் கடையிலோ கல்லூரி நூலகத்து மூலையிலோ சோவியத் காலத்துச் சுவரொட்டி கிடைத்தால் அதற்கு ஒரே பெயர்தான்: ருஷ்யப் போஸ்டர். 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாளைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்ட ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கண்காட்சி வைக்கிறவர்களும், ஸ்கிரீன் பிரிண்டில் மறுபடி அடித்து மாட்டுகிறவர்களும் அதே பெயரை விளக்கச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் போஸ்டர்களில் சில, உக்ரைனில் வரைந்து உக்ரைன் மொழியில் அச்சடித்தவையாக இருக்கலாம். பிரித்தெடுக்க மொழி தெரியவேண்டியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். டிராக்டரையும் கைமுஷ்டியையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவை எல்லாப் போஸ்டரிலும் இருக்கும்.

முதலில் நாட்டின், அதாவது சோவியத் யூனியனின் சுருக்கப் பெயர். ருஷ்ய மொழிப் போஸ்டரில் அது நம் கண்ணுக்கு ஆங்கிலத்தில் 'சி சி சி பி' என்று எழுதியது போலத் தெரியும். உக்ரைன் மொழிப் போஸ்டரில் 'சி பி சி பி'. ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. சோவியத் என்றால் ருஷ்ய மொழியில் சபை, ஆலோசனை. உக்ரைன் மொழி அந்தச் சொல்லைக் கடன் வாங்கவில்லை. தன்னிடம் ஏற்கெனவே இருந்த 'ரடா' என்ற சொல்லை எடுத்து 'ரடியான்ஸ்கி' என்று ஆக்கிக்கொண்டது. நாம் 'பார்லிமென்ட்' என்று எழுதாமல் 'நாடாளுமன்றம்' என்று எழுதுவது மாதிரி. அந்த 'ர' எழுத்தின் வடிவம்தான் நமக்கு ஆங்கில 'பி'யாகத் தெரிகிறது.

உக்ரைன் குடியரசின் சுருக்கப் பெயர் இன்னும் உபயோகமானது, ஏனென்றால் அது காலத்தையும் சொல்லும். 1937 ஜனவரியில் வந்த அரசியல் சட்டத்துக்கு முன்னால் அது கண்ணுக்கு 'ஒய் சி பி பி'. அதற்குப் பின்னால் 'ஒய் பி சி பி'. பெயரில் 'சோசலிச', 'ரடியான்ஸ்க' என்ற இரண்டு சொற்களும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். ஆனால் '1934' என்று விளக்கச் சீட்டு ஒட்டிய போஸ்டரில் 'ஒய் பி சி பி' இருந்தால் சீட்டைக் கிழித்துவிடலாம்.

அடுத்தது தனி எழுத்துகள். ருஷ்ய மொழியில் இல்லாத நான்கு எழுத்து உக்ரைன் மொழியில் உண்டு. ஒன்று, ஆங்கில 'ஐ' போல நிமிர்ந்து நிற்கும் கோடு. இரண்டு, அதே கோட்டின் தலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி. மூன்று, வலப்பக்கம் வாய் திறந்த பிறை, நடுவில் சின்ன நாக்கு. ருஷ்யப் பிறைக்கு வாய் இடப்பக்கம். நான்கு, ஒரு கம்பமும் அதன் உச்சியில் வலப்பக்கம் நீட்டிய கையும், அந்தக் கையின் நுனியில் மேல்நோக்கி ஒரு கொம்பும். கொம்பில்லாத வடிவம் இரு மொழிக்கும் பொது. கொம்பு உக்ரைனுடையது.

இந்தக் கொம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். தமிழில் துதிக்கை வைத்த 'லை', 'னை', 'ணை' பழைய சுவரெழுத்தில் கண்ணில் பட்டால், இது 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் எழுதக் கற்றவர் கை என்று நாம் ஊகிக்கிறோம் அல்லவா, அதே வித்தைதான். வித்தியாசம், நம் துதிக்கையை எடுத்தவர்கள் அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி என்று எடுத்தார்கள். உக்ரைன் கொம்பை எடுத்தது அரசியல். 1920களில் 'உக்ரைன்மயமாக்கல்' என்ற கொள்கை இருந்தது. பள்ளி, பத்திரிகை, அலுவலகம் எல்லாம் உக்ரைன் மொழிக்கு மாறவேண்டும் என்பது கட்சியின் உத்தரவு. அப்போது தலைநகர் கார்கிவ். 1928ல் அங்கே ஒரு பொது எழுத்திலக்கணம் வகுத்தார்கள். கல்வித்துறை மக்கள் கமிசார், அதாவது கல்வி அமைச்சர், மிகோலா ஸ்க்ரிப்னிக் பெயரால் அதை அழைப்பதுண்டு. காற்று திரும்பியதும் அந்த இலக்கணமே தேசியவாதச் சதி என்றானது. 1933 ஜூலையில் ஸ்க்ரிப்னிக் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அதே ஆண்டு புதிய விதிகள் வந்தன, கொம்பு எழுத்து நெடுங்கணக்கிலிருந்து போனது. 1990ல்தான் திரும்பி வந்தது.

ஆகவே கொம்பு எழுத்து இருக்கிற சோவியத் போஸ்டர் 1933க்கு முன்னால் அல்லது 1990க்குப் பின்னால். ஒரு விலக்கு உண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய உக்ரைனியர்கள் பழைய எழுத்தை விடவே இல்லை. அவர்கள் அச்சடித்ததில் எந்த ஆண்டிலும் கொம்பு இருக்கும், ஆனால் அது சோவியத் போஸ்டர் ஆகாது.

இதே 1933 கோட்டை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். 'சோசலிச' என்ற சொல்லின் நடுவே ஆங்கில 'ஆர்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல ஒரு வடிவம் நின்றால் பழைய விதி. அந்த இடத்தில் சாதாரண 'ஏ' வடிவம் நின்றால் புதிய விதி. போஸ்டர்களில் இந்தச் சொல் அடிக்கடி வரும் என்பதால் கொம்பைவிட இதுதான் கைகொடுக்கும்.

ஐந்தாண்டுத் திட்டப் போஸ்டர்களில் இன்னொரு அடையாளம் உண்டு. உக்ரைன் மொழியில் 'ஐந்து' என்ற சொல்லிலேயே முதல் எழுத்துக்கு அடுத்து மேலே ஒரு காற்புள்ளி தொங்கும். 'பியதிரிச்கா' என்ற திட்டத்தின் பெயரிலும் அது வரும். ருஷ்ய 'பியதிலெத்கா'வில் வராது. இதைத் தூசி என்று நினைத்துத் துடைத்த மறுபதிப்புகளும் இருக்கின்றன.

மாதப் பெயர்களும் காட்டிக்கொடுக்கும். அக்டோபர் புரட்சியை ருஷ்யப் போஸ்டர் 'ஒக்தியாபர்' என்று எழுதும். உக்ரைன் போஸ்டர் 'ஜோவ்தென்' என்று எழுதும், அதாவது இலை மஞ்சளாகும் மாதம். சுதந்திர உக்ரைன் கொடியின் நிறங்களான மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து வைத்தாலே வம்பு என்றிருந்த ஆட்சியில், புரட்சியின் பெயரே மஞ்சள் மாதமாக எழுபது ஆண்டு சுவரில் நின்றது. தணிக்கைக்கு இந்தச் சொல் மட்டும் எட்டவில்லை.

அடிவிளிம்பையும் பார்க்காமல் விடக்கூடாது. கீழே ஒரு விரல் உயரத்துக்குள் பொடி எழுத்தில் ஓவியர் பெயர், பதிப்பாசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனை பிரதி, விலை, அச்சகத்தின் ஆர்டர் எண், பல சமயம் தணிக்கை எண் எல்லாம் இருக்கும். பதிப்பகம் 'மிஸ்தெத்ஸ்த்வோ', ஊர் கீவ் என்றிருந்தால் உக்ரைன் குடியரசின் கலைப் பதிப்பகம். மாஸ்கோ என்றிருந்து வாசகம் மட்டும் உக்ரைன் மொழியில் இருந்தால் அது வேறு கதை, மையத்தில் தயாரித்து மொழி மாற்றியது. மறுபதிப்புக்காரர்கள் முதலில் வெட்டுவது இந்த விளிம்பைத்தான், அழகாக இல்லை என்று. ஆதார் அட்டையில் படத்தை வைத்துக்கொண்டு எண்ணை வெட்டுவது போல.

சரி, துணிக்கு வருவோம். உக்ரைன் பெண் என்று காட்டவேண்டுமானால் போஸ்டரில் என்ன வரும்? கையில் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, அதாவது விஷிவான்கா. தலையில் பூ வளையமும் பின்னால் தொங்கும் ரிப்பனும். இடுப்பில் கட்டம் போட்ட பிளாக்தா என்ற சுற்றுப்பாவாடை. விருந்து உபசாரம் என்றால் ருஷ்னிக் என்ற பூவேலைத் துண்டின் மேல் ரொட்டியும் உப்பும். ஆண் என்றால் பூவேலைக் காலர், தொங்குமீசை. பழங்காலத்துக் கோசாக் போர்வீரன் என்றால் தொளதொள ஷரோவாரி காற்சட்டையும் மொட்டைத்தலையில் ஒற்றைக் குடுமியும்.

உண்மையில் விஷிவான்கா ஊருக்கு ஊர் வேறு. பொல்தாவா பக்கம் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். போர்ஷ்சிவ் பக்கம் கனத்த கறுப்பு. கார்பாத்திய மலையில் ஹுத்சுல் மக்களிடம் ஆரஞ்சும் மஞ்சளும். போஸ்டரில் வருவதோ பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும் கலந்த குறுக்குத் தையல். அந்தச் சிவப்பு-கறுப்பு ரோஜாவும் அப்படியொன்றும் ஆதிகாலத்துச் சரக்கல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ப்ரோக்கார் என்ற வாசனைப்பொருள் கம்பெனி சோப்போடு தையல் மாதிரித் தாள் கொடுத்தது, அது வீடுவீடாகப் பரவியது.

ஏன் மற்றவை போய் இது நின்றது? அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு காரணம் உடனே தோன்றும். இது என் கணிப்பு, ஆவணம் எதிலும் எடுத்ததில்லை. கல்லச்சிலும் பழைய ஆஃப்செட்டிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், தனி பிளேட், தனி ஓட்டம். கொடிக்குச் சிவப்பு ஏற்கெனவே மெஷினில் இருக்கிறது. எழுத்துக்குக் கறுப்பு இருக்கிறது. சிவப்பு-கறுப்புப் பூவேலைக்குக் கூடுதலாக ஒரு பிளேட்டும் வேண்டாம். வெள்ளையில் வெள்ளை அச்சில் தெரியாது. ஆரஞ்சு-மஞ்சளுக்கு இன்னும் இரண்டு ஓட்டம். நீலமும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க மையும் அதிகம், ஆபத்தும் அதிகம், ஏனென்றால் 1918ல் தனி நாடாக நின்ற உக்ரைன் மக்கள் குடியரசின் கொடி அது. ஆக, செலவு பார்த்தவனும் தணிக்கை பார்த்தவனும் ஒரே சட்டையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கூடுதல் பிளேட் கேட்காத உக்ரைன்தான் சுவருக்கு வந்தது: கறுப்பு மையில் எழுத்து, சிவப்பு-கறுப்பில் பூவேலை.

1949ல் உக்ரைன் குடியரசுக்குப் புதுக் கொடி கொடுத்தார்கள். மேலே மூன்றில் இரண்டு பங்கு சிவப்பு, கீழே மூன்றில் ஒரு பங்கு வான நீலம். அந்த நீலப் பட்டை தெரிந்தால் 1949 நவம்பருக்குப் பிற்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உடையை மட்டும் வைத்து ஒரு மக்களைக் காட்டும் இந்த வழக்கத்துக்கு உக்ரைனியர்களே ஒரு கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: ஷரோவார்ஷ்சினா. தொளதொளக் காற்சட்டைத்தனம் என்று சொல்லலாம். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சினிமாவில் மதுரை என்றால் அரிவாள், மடித்துக் கட்டிய வேட்டி, பின்னால் கோபுரம். சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போடுகிற விரலை எந்த டைரக்டர் கிட்டத்தில் காட்டினார்?

அலங்கார ஓரங்களில் தவறு நிறைய நடக்கும். உக்ரைனின் பெத்ரிகிவ்கா ஓவியமும் ருஷ்யாவின் கோக்லோமாவும் பூவும் பழமும்தான், எனவே இணையத்தில் 'ஸ்லாவ் பார்டர்' என்று தேடி எதையாவது ஒட்டிவிடுகிறார்கள். கோக்லோமா மரப்பாத்திரத்து வேலை: கறுப்பு, சிவப்பு, தங்கம். பெத்ரிகிவ்கா வெள்ளையடித்த வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. வெளிக்கோடு போட்டு நிரப்புவதில்லை, பூனை முடித் தூரிகையால் ஒரே இழுப்பில் இதழ். கிட்டத்தில் பார்த்தால் இழுப்பின் தொடக்கத்தில் கொழுப்பும் முடிவில் மெலிவும் தெரியும். 1936ல் அந்தக் கிராமத்திலேயே பள்ளி தொடங்கி தெத்தியானா பாத்தா சொல்லிக்கொடுத்தார். 2013ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளிக்கோட்டுக்குள் தட்டையாக நிறம் நிரப்பிய பெத்ரிகிவ்கா, புள்ளி வைக்காத சுங்குடி.

இதுவரை சொன்னது அனுமதித்த அடையாளம். 'உள்ளடக்கத்தில் சோசலிசம், வடிவத்தில் தேசியம்' என்று 1930ல் ஸ்டாலின் சொன்ன சூத்திரத்தில் 'வடிவம்' என்பது நடைமுறையில் சட்டைக் கையளவு. வடிவத்தை நிஜமாகவே வடிவமாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்.

ஹியோர்ஹி நார்புத் 1917-18ல் சுதந்திர உக்ரைனின் பணத்தாளை வரைந்தவர், உக்ரைன் நெடுங்கணக்கைப் படங்களாகத் தீட்டியவர். பழைய கையெழுத்துச் சுவடிகளின் வளைவை அச்செழுத்துக்குள் கொண்டுவந்தார். 1920ல் இறந்தபோது வயது 34. ஆனால் அவருடைய எழுத்துச் சாயல் சோவியத் உக்ரைனின் அட்டைகளிலும் தலைப்புகளிலும் நீண்ட காலம் சுற்றியது. 1918ல் சுதந்திர உக்ரைனின் திரிசூலச் சின்னத்தை வரைந்த வாசில் கிரிசெவ்ஸ்கி, பத்தாண்டுக்குள் சோவியத் உக்ரைன் சினிமாவுக்குக் கலை இயக்கம் செய்துகொண்டிருந்தார். சின்னத்துக்குத் தடை, கைக்குத் தடையில்லை.

மிகைலோ போய்ச்சுக் வழி இன்னும் ஆழமானது. பைசாந்திய தெய்வப் படங்களையும் நாட்டுப்புற ஓவியத்தையும் சேர்த்து, தொழிலாளியையும் ஆப்பிள் பறிக்கும் பெண்ணையும் வரையச் சொல்லிக்கொடுத்தார். உறுதியான வெளிக்கோடு, தட்டையான நிறம், நிழல் கிடையாது, பெரிய கண், அடக்கமான கையசைவு. அழகர்கோயில் வசந்த மண்டபத்து நாயக்கர் கால ஓவியங்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தட்டைத்தன்மை அந்நியமாகப் படாது. அதன் நேரெதிர், நிழலும் மினுக்குமாக வந்த சிவகாசிக் காலண்டர் சாமி. போய்ச்சுக் வழி உருவத்தின் மேலிருந்து பூவேலையைக் கழற்றினாலும் அது உக்ரைன் படமாகவே நிற்கும். அதுதான் குற்றமாகிப்போனது. 1937 ஜூலை 13ல் போய்ச்சுக்கையும் மாணவர்கள் இவான் பதால்கா, வாசில் செத்லியார் ஆகியோரையும் கீவில் சுட்டுக் கொன்றார்கள். டிசம்பரில் அவர் மனைவி, ஓவியர் சோஃபியா நலெபின்ஸ்கா-போய்ச்சுக். சுவரோவியங்கள் பெரும்பாலும் அழிந்தன.

இன்னொரு கோடியில் அதோல்ஃப் ஸ்த்ராகோவ். இன்றைய த்னிப்ரோ நகரில் பிறந்து கார்கிவில் வேலை செய்தவர். 1926ல் அவர் வரைந்த 'விடுதலை பெற்ற பெண்ணே, சோசலிசத்தைக் கட்டு!' போஸ்டரில் முக்காடும் கொடியும் ஆலையும்தான், பூவேலை ஒரு தையல்கூட இல்லை. உக்ரைனில் பிறந்த புகழ்பெற்ற போஸ்டர், உக்ரைன் அடையாளம் பூஜ்யம். எனவே பூவேலை இல்லை என்பதற்காக 'ருஷ்யா' என்று எழுதிவிடவும் கூடாது.

போர்க்காலத்தில் கயிறு கொஞ்சம் தளர்ந்தது. வாசில் கசியான் 1942-43ல் 'ஷெவ்சென்கோவின் சினம் வெற்றியின் ஆயுதம்' என்ற வரிசையில் 19ஆம் நூற்றாண்டுக் கவி தராஸ் ஷெவ்சென்கோவைப் பாசிசத்துக்கு எதிராக நிறுத்தினார். போர் முடிந்ததும் மறுபடி இறுக்கம். 1954ல், உக்ரைன் கோசாக்குகள் ருஷ்ய ஜாரோடு செய்த 1654 பெரெயாஸ்லாவ் உடன்பாட்டின் 300ஆவது ஆண்டு, 'என்றென்றும் ஒன்றாக' என்ற முழக்கம். இந்த ஆண்டுப் போஸ்டரில் இரண்டு பேர் நின்றால் மூன்று கேள்வி போதும்: பூவேலைச் சட்டை யாருக்கு, கோட்டு யாருக்கு, கொடிக்கம்பைப் பிடித்த கைகளில் மேல் கை யாருடையது?

கண்காட்சி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1932-33 ஆண்டுத் தானியப் போஸ்டர்களைத் தனியே 'அழகான வடிவமைப்பு' என்று மாட்டாதீர்கள். போஸ்டரில் கதிர் கொழுத்துக் கிடக்கும் அந்த ஆண்டுகளில்தான் உக்ரைனில் தானியத்தைப் பறித்ததால் பல லட்சம் பேர் பட்டினியால் செத்தார்கள். 'குர்குல்' என்ற சொல் அந்தப் போஸ்டர்களில் வரும். பணக்கார விவசாயி என்று முத்திரை குத்தும் ருஷ்யக் 'குலாக்'கின் உக்ரைன் வடிவம். சீட்டில் அந்தச் சொல்லையும் ஆண்டையும் எழுதி, பக்கத்திலேயே பஞ்சத்தையும் எழுதுங்கள்.

மறுபதிப்பு போடுவதானால் அளவிலிருந்து தொடங்கலாம். அந்தக் காலப் போஸ்டர்களில் 60க்கு 90 செ.மீ. சகஜம். நம் கடைகளில் கிடைக்கும் 25க்கு 36 அங்குல முழுத்தாள் 63.5க்கு 91.4 செ.மீ., எனவே நான்கு பக்கமும் மெலிதாக வெட்டினால் சரியாக வந்துவிடும். ஆர்ட் பேப்பர் வேண்டாம், பளபளப்பு அந்தக் காலத்தைக் கெடுக்கும். 120 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும். பழுப்பு நிறத்தைப் பின்னணியாக அடிப்பதும் வேண்டாம், அது பழசாகத் தெரியாது, டீ கொட்டியதாகத் தெரியும்.

இரண்டு ஸ்கிரீன் போதும்: சிவப்பு, கறுப்பு. பரந்த சிவப்புக்குச் செ.மீ.க்கு 77 இழை மெஷ், எழுத்துக்கும் தையலுக்கும் 120. சிவப்பை முதலில் அடித்து நன்றாகக் காய்ந்தபின் கறுப்பு. இரண்டும் தொடும் இடத்தில் சிவப்பைக் கறுப்புக்கு அடியில் அரை முதல் ஒரு மி.மீ. உள்ளே நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிஜிஸ்டர், அதாவது நிறங்களின் பொருத்தம், இம்மி விலகினாலும் வெள்ளைக்கோடு சிரிக்கும். குறுக்குத் தையலின் சதுரத்தை 2 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், மை பரவி நான்கு தையல் ஒரே கட்டியாகிவிடும். சித்திரை வெயிலில் மை மெஷ்ஷிலேயே காயும். மை காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் கலந்து, ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் மையைத் திருப்பி நிரப்பி வையுங்கள். காலையில் அடித்த தாளில் மாலையில் இரண்டாம் நிறம் போடாதீர்கள், தாள் அதற்குள் நீண்டோ சுருங்கியோ இருக்கும்.

எழுத்துதான் அதிகம் காலை வாருவது. டிடிபி கடையில் தமிழுக்குப் பழைய எழுத்துரு வைத்திருப்பார்கள். உக்ரைன் வாசகத்தை ஒட்டினால் கட்டங்களாக வரும், அல்லது ருஷ்ய எழுத்து மட்டும் உள்ள எழுத்துருவில் அந்த நான்கு எழுத்து மட்டும் வேறொரு எழுத்துருவிலிருந்து வந்து மெலிந்து நிற்கும். பிறையை ருஷ்ய எழுத்திலிருந்து திருப்பிப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. கோட்டின் கனம் தப்பாகும். உக்ரைன் எழுத்து முழுதும் உள்ள யூனிகோட் எழுத்துருவைப் போட்டு, சரிபார்த்து, பிறகு கர்வ்ஸாக, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக, மாற்றிக் கொடுங்கள். 1950ஆம் ஆண்டுப் போஸ்டரின் சாயலில் செய்வதானால் கொம்பு எழுத்து வந்துவிடாமலும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தபிறகும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. ஸ்கிரீனை எக்ஸ்போஸ் செய்து கழுவியதும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசித்துளைகளை எமல்ஷன் தொட்டு அடைப்பார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் 'உக்ரைனா' என்ற சொல்லில் ஐந்தாவது எழுத்துக்குத் தலையில் இரண்டு புள்ளி உண்டு. 'கீவ்' என்ற ஊர்ப்பெயரில் மூன்றாவது எழுத்துக்கும் உண்டு. எழுத்துக்கு மேலே தனியாக மின்னும் இரண்டு சின்ன ஓட்டை, தொட்டு அடைக்கிற கைக்கு அது பிழையாகத்தான் தெரியும். கழுவும் முன்பே பாசிட்டிவ் பிலிமின் ஓரத்தில் அந்த எழுத்தைப் பெரிதாக வரைந்து, 'மேலே இரண்டு புள்ளி, அடைக்காதே' என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.